டிராகன்களின் பிறப்புக் கதை ஆட்டத்தில் ஒட்டவில்லை என்றால்

ஆளுக்கொரு பாத்திரமேற்று அமர்வு அமர்வாக ஆடும் கதை விளையாட்டுக்காக (role-playing game) ஓர் உலகைப் படைத்து, அதன் டிராகன்களுக்கு ஒரு தோற்றக் கதையும் எழுதியிருக்கிறீர்கள். அதில் "ஒளிக்கடவுள் டிராகன்களைப் படைத்தார்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் டிராகன்கள் இன்று பொன்னைக் குவிக்கின்றன, நெருப்பு உமிழ்கின்றன, மலைக்கு ஒன்றாகத் தனித்து வாழ்கின்றன. அங்கிருந்து பின்னோக்கி எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்தால் அதுதான் தோற்றக் கதை.

ஆட்டக்காரர்கள் கேட்டதும் மறந்துவிடுகிறார்கள் என்கிறீர்கள். கதை முடிந்துபோன வரலாறாக நிற்பதுதான் பெரும்பாலும் காரணம். உலகில் அதன் மிச்சம் எதுவும் இல்லை. பாபிலோனியப் புராணத்தில் மர்துக் என்ற கடவுள், ஆதிக்கடலின் தேவியான தியாமத்தின் உடலை இரண்டாகப் பிளக்கிறான். ஒரு பாதி வானமாகிறது, அவள் கண்களிலிருந்து யூப்ரடீசும் டைகிரிசும் ஓடுகின்றன. ஆற்றில் நீர் மொள்பவன்கூட அந்தக் கதைக்குள்தான் நிற்கிறான். நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) கதையின் ஃபாஃப்னிரோ பிறவி டிராகன் அல்ல. தந்தையைக் கொன்று பறித்த பொன்னைக் காத்துக் கிடந்து டிராகன் ஆனவன்.

உங்கள் உலகுக்கு இப்படி வைக்கலாம்: பழைய சூரியன் உடைந்து சிதறிய துண்டுகளே பொன். ஒரு துண்டை விழுங்கிய பாம்பு டிராகன் ஆனது. வயிற்றுக் கனல் அணையாதிருக்க அருகில் பொன் வேண்டும். ஆகவே இன்னொரு டிராகனை அண்டவிடாது.

சரிபார்க்க ஒரு வழி. கதையை மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். இதை அறிந்த ஆட்டக்காரர் அடுத்த அமர்வில் எதை மாற்றிச் செய்வார்? இங்கே பொன்னைத் திருடப் பார்ப்பார். குவியலில் பாதி போனால் நெருப்பின் சேதத்தையும் பாதியாக்குங்கள். விடை வராத கதையைத் திருத்துங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம்: டிராகன்கள் நெடுங்காலம் வாழ்ந்து பேசவும் செய்தால், ஆட்டக்காரர்கள் மிக மூத்த டிராகனிடமே போய்த் தோற்றக் கதையைக் கேட்பார்கள். அது எதைச் சொல்லும், எதை மறைக்கும் என்று முன்பே எழுதி வையுங்கள்.