வாள்வீரனுக்கும் யோசிக்க இடம் கொடுங்கள்

கேள்வி: பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 5ஆம் பதிப்புக்கு (2014) மந்திரமே இல்லாத ஒரு ஃபைட்டர் சப்கிளாஸ் (போர்வீரன் வகுப்பின் உட்பிரிவு) எழுதியிருக்கிறேன். 3ஆம் லெவலில் கூடுதல் டேமேஜ், 7இல் இன்னும் கொஞ்சம். ஆடிப் பார்த்தவர்கள் சப்பென்று இருக்கிறது என்கிறார்கள். எண்ணைக் கூட்டிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். அந்த வழியில் போனதுதான் ஏற்கெனவே விளையாட்டில் உள்ள சாம்பியன் சப்கிளாஸ். தாக்க உருட்டும் 20 முகப் பகடையில் 20 மட்டுமல்ல, 19 விழுந்தாலும் கிரிட்டிக்கல் (டேமேஜ் பகடைகள் இரட்டிப்பாகும் அடி) என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிரேட்ஸ்வோர்டு (இருகை வாள்) பிடித்தவருக்கு ஒரு கிரிட்டிக்கலில் கூடுவது 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடைகள்), சராசரி 7. 19 விழும் வாய்ப்பு 5 சதவீதம், அதனால் ஒரு வெட்டுக்கு 0.35. 5ஆம் லெவலில் இரண்டு வெட்டு என்றால் ரவுண்டுக்கு 0.7. அதே லெவலில் பேட்டில் மாஸ்டர் என்ற இன்னொரு சப்கிளாஸின் கையில் நான்கு டி8 (எட்டுமுக) பகடைகள் இருக்கும், சராசரி 18. ஷார்ட் ரெஸ்ட் (சண்டைகளுக்கு இடையே குறுகிய ஓய்வு) எடுத்தால் மறுபடி கிடைத்துவிடும். அந்த 18ஐப் பிடிக்க சாம்பியன் ஏறக்குறைய 26 ரவுண்டு வெட்ட வேண்டும். (முதல்முறை ஆட வருபவருக்கு சாம்பியன் நல்ல தேர்வு, அது வேறு விஷயம்.)

ஆனால் பேட்டில் மாஸ்டரின் சுவாரசியம் அந்த 18இல் இல்லை. ட்ரிப் அட்டாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டு பட்டதும் ஒரு பகடையைச் செலவழித்து எதிரியைக் கீழே தள்ளப் பார்க்கலாம். விழுந்தவனைப் பக்கத்தில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இருமுறை உருட்டிப் பெரியதை எடுப்பது). தூரத்திலிருந்து அம்பு விடுபவருக்கு டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது). அடுத்த டர்ன் யாருடையது என்று பார்த்துத்தான் தள்ள வேண்டும். உங்கள் சப்கிளாஸில் அப்படி நின்று யோசிக்க ஓர் இடம்கூட இல்லை.

கேள்வி: கேடயம் ஏந்திய காவல்வீரன் ஒருவனை வடிவமைக்கிறேன். 3ஆம் லெவலில், பக்கத்தில் நிற்கும் தோழர் மீது விழும் அடியை ரியாக்‌ஷன் (ரவுண்டுக்கு ஒன்றே கிடைக்கும் எதிர்வினை) செலவழித்துத் தானே வாங்கிக்கொள்வான். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். சரிவருமா?

பதில்: இரண்டாவது சண்டையிலேயே படுத்துவிடுவான். கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) +2 உள்ள 3ஆம் லெவல் ஃபைட்டருக்கு 28 ஹிட் பாயின்ட் (உயிர்ப்புள்ளி). ஓக்ர் என்ற அரக்கனின் ஓர் அடி சராசரி 13. இரண்டு வாங்கினால் மிச்சம் 2.

அடியை வாங்குவதற்குப் பதில் குறைக்கட்டும்: டி8 கூட்டல் ஸ்ட்ரெங்த் மாடிஃபையர் (வலிமைக்கான கூட்டெண்). +3 என்றால் சராசரி 7.5. கோப்ளின் என்ற சிறு எதிரியின் சராசரி அடியான 5.5 பெரும்பாலும் நின்றுவிடும், ஓக்ரின் அடி பாதிக்கும் கீழே இறங்கும். ஷார்ட் ரெஸ்டுக்கு மூன்று முறை போதும். எண்ணிக்கையை ப்ரொஃபிஷியன்ஸி போனஸோடு (தேர்ச்சிக்கான கூட்டெண்) கட்டாதீர்கள். அது மொத்த கேரக்டர் லெவலோடு ஏறுவது. மூன்று லெவல் மட்டும் ஃபைட்டர் எடுத்துவிட்டு மந்திரம் போடும் விஸார்டாகப் போகிறவருக்கும் சும்மாவே வளரும். ஃபைட்டர் லெவல் 7இல் நான்கு, 15இல் ஐந்து என்று எழுதிவிடுங்கள்.

எப்போது பயன்படுத்துவது என்பதையும் விதியில் சொல்லியாக வேண்டும். டேமேஜ் உருட்டிய பிறகு என்றால் வீணாகாது, ஆனால் சூதும் இருக்காது. அடி பட்டது தெரிந்து, டேமேஜ் உருட்டும் முன் என்று வைப்பதே என் விருப்பம்.

விலகி ஓடும் எதிரியை வெட்டும் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக்கும் ரியாக்‌ஷனில்தான் வருகிறது. தோழரைக் காத்தால் எதிரி தப்பி ஓடலாம். எதிரியை மறித்தால் தோழர் அடி வாங்குவார். இந்த இழுபறி இருக்கட்டும். 7ஆம் லெவலிலும் ரியாக்‌ஷன் கேட்கும் சக்தியைக் கொடுத்தால் ஒன்று தூங்கும். அங்கே அவனுடைய சொந்த டர்னில் செய்வதைக் கொடுங்கள்.

கேள்வி: கண்ணில் மணலை வீசுவதை ஒரு சிறப்புத் திறனாக வைக்கலாமா?

பதில்: அப்படி வைத்தால் மற்ற யாரும் மணலே எடுக்க முடியாது என்றாகிவிடும். மந்திரமில்லாத வீரர்களை வடிவமைப்பவர்கள் அடிக்கடி விழும் குழி இது. யார் வேண்டுமானாலும் முழு ஆக்‌ஷன் செலவழித்து வீசட்டும். உங்கள் வீரன் மட்டும் ஒரு வெட்டுக்குப் பதிலாக வீசட்டும். தப்பிக்க எதிரி சேவிங் த்ரோவில் எட்ட வேண்டிய எண் 8 + ப்ரொஃபிஷியன்ஸி + டெக்ஸ்டெரிட்டி (லாவகம்). 5ஆம் லெவலில் டெக்ஸ்டெரிட்டி +4 உள்ளவருக்கு 15. ஒரு சண்டையில் ஒரே எதிரி மீது ஒருமுறைதான், ஏனென்றால் மறுமுறை அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். 11ஆம் லெவலில் மூன்று வெட்டு, ஆக்‌ஷன் சர்ஜ் (அதே டர்னில் இன்னோர் ஆக்‌ஷன் தரும் திறன்) சேர்ந்தால் ஆறு, அத்தனையும் மணலாக மாறலாம். அந்த லெவலில் ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு விதியை இறுதி செய்யுங்கள்.