மேலே பாடும் தம்பி

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகச் சகோதரர்களான எவர்லி பிரதர்ஸின் ‘சாங்ஸ் அவர் டாடி டாட் அஸ்’ ஆல்பத்தை ஒரு வாரமாகக் கேட்கிறேன். இரண்டு குரலில் மெட்டு எது என்றே பிடிபடவில்லை. நானும் தங்கையும் அதேபோல் சேர்ந்து பாடினால் சில இடங்கள் இனிக்கின்றன, சில இடங்கள் உரசுகின்றன. கூடப்பிறந்தவர்களாக இருந்தும் ஏன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கீழே பாடும் அண்ணன் டான்தான் பெரும்பாலும் மெட்டு. தம்பி ஃபில் மேலே. உச்சத்தில் ஒலிப்பதையே மெட்டாக எடுத்துக்கொள்வது காதின் பழக்கம்.

உங்கள் உரசலுக்குக் காரணம் இயந்திரத்தனமான கணக்கு. எப்போதும் இடையில் ஒரு சுரம் விட்டு மேலே பாடுவது: மெட்டு ச என்றால் மேலே க, ரி என்றால் ம, க என்றால் ப. அதுவரை சரி. மெட்டு ப-வில் நிற்க, கிட்டார் ச-க-ப கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்திருந்தால் கணக்குப்படி மேலே நி வரும். அது அந்தக் கார்டில் இல்லாத சுரம். அங்கே மேல்குரல் மேல் ச-வுக்கு ஏறிவிட வேண்டும். ப-நி-ரி கார்டில் மெட்டு ரி-யில் நின்றால், ம-வை விட்டு ப. நீண்டு நிற்கும் சுரங்களில்தான் இந்தக் கவலை. ஓடிக் கடக்கும் சுரங்களில் தேவையில்லை.

இன்னொன்று காந்தாரம் (க). கிட்டாரின் காந்தாரம் சுத்தமான காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் கூடுதல் (கிட்டாரின் அடுத்தடுத்த இரண்டு கட்டங்களுக்கு இடையிலான தூரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்). அதனால் முதலில் கிட்டார் இல்லாமல், சுருதிப்பெட்டியோடு மட்டும் பாடுங்கள்.

ஒரே வீட்டுக் குரலும் உச்சரிப்பும் உதவும்தான். ஆனால் எவர்லி சகோதரர்கள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து ஷெனந்தோவா ஊர் வானொலியில், அப்பா ஐக் எவர்லியோடு சிறுவயதிலேயே பாடித் தேறியவர்கள். அப்படியும் 1956இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் வந்த முதல் இசைத்தட்டு விற்கவில்லை. 1957இல் கேடன்ஸ் நிறுவனத்தில் ‘பை பை லவ்’ வந்துதான் பெயர் கிடைத்தது. அடுத்த ஆண்டே, ராக் அண்ட் ரோல் புகழின் உச்சியில், 21 வயதும் 19 வயதுமாக இருந்தவர்கள் இந்த ஆல்பத்துக்காக 12 பழம்பாடல்களைப் பதிவு செய்தார்கள். இரண்டு கிட்டார், ஃபிளாய்ட் சான்ஸ் வாசித்த பேஸ் (தாழ்சுரத் தந்தி வாத்தியம்), அவ்வளவுதான். டிரம்ஸ் கிடையாது. எவ்வளவு துணிச்சல்! மறைத்துக்கொள்ள எதுவுமில்லாததால் ஒவ்வொரு சொல்லின் முடிவும் தெளிவாகக் கேட்கிறது. பழகுவதற்கு இதைவிட நல்ல ஆல்பம் எனக்குத் தெரியாது.

‘பார்பரா ஆலன்’ மெதுவான பாட்டு, அதில் தொடங்குங்கள். மேல்குரலைத் தங்கை மெட்டில்லாமல், தனிப்பாட்டாகவே மனப்பாடம் செய்யட்டும். இல்லாவிட்டால் உங்கள் மெட்டு அவரைக் கீழே இழுத்துவிடும். பிறகு ஒரே மைக்கின் முன் ஒருவர் வாயை மற்றவர் பார்த்தபடி பாடுங்கள். ‘ஸ்’ என்று முடியும் சொற்களில் அந்த ஒலியை ஒருவர் மட்டும் உச்சரித்தால் போதும். மெட்டு அமுங்கினால் தங்கை அரையடி பின்னால் நகரட்டும், நீங்கள் குரலை உயர்த்த வேண்டாம்.