மூன்று முறை முயன்றும் டியூப் போகவில்லை என்றால்

வணக்கம் டாக்டர். மூச்சுக்குழாயில் டியூப் போடவேண்டிய உங்கள் நோயாளிக்கு 110 கிலோ எடை, குட்டைக் கழுத்து, மூன்று தடவை லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்க உதவும் பிளேடு வைத்த கருவி) போட்டும் குரல்நாண் தெரியவில்லை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 70 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. நான்காவது தடவை முயன்றிருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

கூடாது. ஒவ்வொரு முயற்சியிலும் வீக்கமும் ரத்தமும் கூடும். அதுவரை மாஸ்க்கில் போய்க்கொண்டிருந்த காற்றும் நின்றுவிடலாம். டியூப் போடச் சிரமமான நோயாளிகளுக்கு வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015இல் சொன்னது மூன்று முயற்சி. கைதேர்ந்த இன்னொருவர் இருந்தால் மட்டும் இன்னும் ஒன்று. கேஷுவாலிட்டியில் இரண்டே போதும் என்பேன். அதிலும் பிளேடு, பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய நீளக் குச்சி), தலைநிலை என எதையாவது மாற்றாமல் மறுபடி நுழைவது வீண்.

உங்கள் பதிவில் தலைநிலை பற்றிப் பேச்சே இல்லையே! காதுத் துளை மார்பெலும்பின் மேல்குழிக்கு நேராக வரும்வரை தோளுக்கும் தலைக்கும் அடியில் போர்வைகளை அடுக்குங்கள். நேசல் கேனுலாவில் (மூக்கில் வைக்கும் குழாய்) நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்ஸிஜன், டியூப் போடும்போதும் ஓடட்டும்.

அப்படியும் முடியவில்லையா, ஐ-ஜெல் (குரல்வளைக்கு மேல் உட்கார்ந்து காற்று செலுத்தும் குழாய்) வையுங்கள். 90 கிலோவுக்கு மேல் 5ஆம் எண். அதிலும் மாஸ்க்கிலும் நெஞ்சு ஏறவில்லை என்றால் சாச்சுரேஷன் இன்னும் விழட்டும் என்று காத்திராமல் கழுத்தில் கத்தி வைத்து மூச்சுவழியைத் திறக்கவேண்டியதுதான். 10ஆம் எண் கத்தி பிளேடு, பூஜி, 6ஆம் அளவு கஃப் (காற்றடைக்கும் பை) உள்ள டியூப். கிரிகோதைராய்டு சவ்வு (குரல்வளையின் முன்பக்கம் இரு குருத்தெலும்புகளுக்கு இடையில் உள்ள சவ்வு) கைக்குத் தட்டுப்படாத இவரைப் போன்றவர்களுக்கு முதலில் நடுக்கோட்டில் 8-10 செ.மீ. நெடுக்குவெட்டு; பிறகு விரலால் தடவிச் சவ்வைக் கண்டுபிடித்துக் குறுக்கே குத்துங்கள். ரத்தம் வரும், பதறாதீர்கள். டியூப் சரியாக இருக்கிறதா என்பதைக் கேப்னோகிராஃப் (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கருவி) அலையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், ஸ்டெத்தை மட்டும் நம்பவேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு இந்த வெட்டுமுறை பொருந்தாது. அதைத் தனியாகக் கேளுங்கள்.