கொஞ்சத் தோன்றுவது ஏன்?

கேள்வி: குழந்தையைக் கொஞ்சத் தோன்றுவது சரி. நாய்க்குட்டியைப் பார்த்தாலும் அதே ஆசை வருகிறதே, ஏன்?
— வாசகி, தேனி

இரண்டுக்கும் முக அமைப்பு ஒன்று. ஆஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லொரென்ஸ் 1943-ல் அதைப் பட்டியலிட்டார்: உடம்புக்கு மிஞ்சிய தலை, புடைத்த நெற்றி, தாழ இறங்கிய பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டைக் கைகால், தத்தித் தத்தி நடை.

கைக்குழந்தையின் படம் ஒன்றை எடுத்து, உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நட்ட நடுவே ஒரு கோடு போடுங்கள். கண்கள் கோட்டுக்குக் கீழே இருக்கும். உங்கள் படத்தில் ஏறக்குறைய கோட்டிலேயே நிற்கும். மூளைக்காக மண்டை முந்தி வளர்ந்துவிடுகிறது. தாடையும் மூக்கும் பிறகுதான் நீள்கின்றன. பிறக்கும்போது தலை உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு, வளர்ந்தபின் எட்டில் ஒன்றுக்குப் பக்கம். நாய், பூனைக் குட்டிகளும் இதே வரிசையில்தான் வளர்கின்றன. அதனால் நம் பிள்ளைக்கென்று அமைந்த பாசம் அவற்றிடமும் பொங்குகிறது.

2009-ல் வெளியான ஓர் ஆய்வில், குழந்தைப் படங்களைக் கணினியில் இன்னும் உருண்டையாக்கிக் காட்டினார்கள். பிள்ளை பெறாத பெண்களுக்கும், பரிசு கிடைத்தால் தூண்டப்படும் மூளைப்பகுதி கூடுதலாக வேலை செய்தது.

கண் மட்டும் பெரிதாக இருந்தால் போதாது. தேவாங்குக்கு முகமெல்லாம் கண்; ஆனால் கைகால் குச்சி. பாவம், நம் ஊரில் அதன் பெயரே வசவாகிவிட்டது.

கேள்வி: சப்பை மூக்கு பக் நாய்க்குட்டி வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது?
— வாசகர், மதுரை

முதலில் மூக்குத் துளை. வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். கீற்றாக ஒடுங்கியிருந்தால் வேண்டாம். பிறகு தாய் நாயைச் சில நிமிடம் நடக்கவிட்டு மூச்சைக் கேளுங்கள். ‘கொர்கொர்’ சத்தத்தைச் செல்லமாக நினைக்காதீர்கள், அது மூச்சுத் திணறல். குழந்தை முகம் வேண்டுமென்று மனிதர்கள் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்ததில் முக எலும்பு குறுகியது. உள்ளிருக்கும் மெல்லண்ணம் (மேல்வாயின் பின்பக்க மென்சதை) அந்த அளவுக்குக் குறுகாமல் தொண்டையை அடைக்கிறது. நாய் இரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். அதுவே முடியாதபோது மதுரை வெயிலில் உயிருக்கே ஆபத்து.

வாங்கிவிட்டால் கழுத்துப்பட்டை கூடாது, மார்புப்பட்டை போடுங்கள். முகமடிப்புகளைத் தினமும் துடைத்து ஈரமில்லாமல் உலர்த்துங்கள், இல்லாவிட்டால் புண்ணாகும். வெயிலேறிய பிறகு வெளியே கூட்டிப்போகாதீர்கள். என்னைக் கேட்டால், தெருவில் பிறந்த நாட்டுக்குட்டி ஒன்றை எடுத்து வளர்க்கலாம்.

கேள்வி: குழந்தையைக் கண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு கிள்ளத் தோன்றுகிறது. தவறா?
— வாசகி, ஈரோடு

இயல்புதான். ஆசை தாங்க முடியாத அளவுக்குப் பொங்கும்போது வரும் எதிர்வினை இது. கிள்ளாமல் உள்ளங்காலை மெதுவாக வருடுங்கள். உதட்டோரம் கொப்புளம் இருந்தால் முத்தம் மட்டும் கூடவே கூடாது. அந்த ஹெர்பிஸ் கிருமி, பிறந்து சில வாரமே ஆன குழந்தையின் மூளை வரை போய்விடலாம்.