கரீபியனில் ஒரு தீவின் மணல் வெள்ளை, இன்னொன்றில் கறுப்பு. ஏன்?

கடற்கரை மணல் என்பது அந்தந்தத் தீவின் பொருள் பொடியானது, அவ்வளவுதான். மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள்: அரிசி போட்டால் வெள்ளை மாவு, கேழ்வரகு போட்டால் பழுப்பு. இங்கே அரைப்பது அலை.

அங்கியுலா சுண்ணாம்புப் பாறைத் தீவு, சுற்றிலும் பவளப்பாறை. அதனால் மணல் வெண்மை. இதில் அலைக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. கிளிமீன் பாசிக்காகப் பவளப்பாறையைக் கொறிக்கும்; செரிக்காத சுண்ணாம்பைப் பொடியாக வெளியேற்றும். ஆமாம், நாம் ஆசையாகக் கால் புதைக்கும் வெள்ளை மணலில் கொஞ்சம் மீனின் கழிவு!

மான்செராட் எரிமலைத் தீவு. 1995இல் சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை வெடிக்கத் தொடங்கி, தலைநகர் பிளிமத்தையே பின்னர் சாம்பலில் மூடியது. அங்கே மணல் கருஞ்சாம்பல் நிறம். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நடந்தால் கால் பொசுங்கும். பவள மணல் அவ்வளவு சுடாது. பார்புடாவில் இளஞ்சிவப்பு மணலே உண்டு. சிவந்த ஓடுள்ள நுண்ணுயிர்களும் உடைந்த சிப்பிகளும் கலந்ததால் வந்த நிறம் அது.

அப்புறம், கறுப்பு மணல் என்றால் அழுக்குக் கடற்கரை என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது எரிமலைப் பாறையின் நிறம், அழுக்கல்ல.