இரண்டு லூசீன் இன்டெக்ஸ்களைச் சேர்த்தால் ஆவண எண் மாறுமா?

மாறும். லூசீன் ஒரு தேடல் மென்பொருள்; இன்டெக்ஸ் அது தேடுவதற்காகக் கட்டும் பட்டியல், ஆவண எண் அதில் ஒவ்வொரு பதிவுக்கும் அது போடும் எண். அந்த எண்ணை வேறொரு டேட்டாபேஸில் குறித்து வைத்திருப்பீர்கள், அதனால்தான் கேட்கிறீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

நான் இருப்பது மலேசியாவின் சுங்கை சிப்புட். மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தின் செக்ரோல் ஏடுகள் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடுகள்) சிலவற்றைப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) வீட்டார் காப்பாற்றி வைத்திருந்தார்கள். நானும் தம்பியும் ஆளுக்குப் பாதி ஸ்கேன் செய்து, பெயர்களைத் தட்டி, தனித்தனி இன்டெக்ஸ் கட்டினோம். எந்தப் பெயருக்கு எந்தப் படம் என்பதை லூசீன் கொடுத்த எண்ணை வைத்தே குறித்தோம். சேர்க்கும்போது தம்பியின் எண்களோடு என்னுடைய மொத்தத்தைக் கூட்டினால் போதும் என்று நம்பினோம்.

மறுநாள் ஒரு பாட்டி வந்து அப்பா பெயரைச் சொன்னார். பெயர் கிடைத்தது, படமும் வந்தது. அவர் திரையில் விரலை வைத்து, "தம்பி, இது கங்காணி பேரு. எங்கப்பா பால்மரம் வெட்டினவரு" என்றார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

லூசீன் இன்டெக்ஸைச் செக்மென்ட் என்ற துண்டுகளாக வைக்கும், ஒவ்வொரு செக்மென்டும் 0 முதல் எண்ணும். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் பழைய ஆவணம் நீக்கியதாகக் குறிக்கப்படும், புதியது வேறு எண்ணில் சேரும். துண்டுகளை ஒன்றாக்கும் மெர்ஜ் நடக்கும்போதுதான் நீக்கியவை உண்மையில் போகும். 0 முதல் 4 வரை இருந்து 2 நீக்கப்பட்டிருந்தால், 3 இனி 2 ஆகும், 4 இனி 3 ஆகும். நாங்கள் திருத்தியதோ நூற்றுக்கணக்கில்.

எந்தத் துண்டுகளை ஒன்றாக்குவது என்று முடிவு செய்யும் மெர்ஜ் பாலிசியை மாற்றினால் வரிசை காக்கப்படுமே என்று சிலர் சொல்வார்கள். சரிதான், வரிசை நிற்கும், எண் நிற்காது. இன்னொன்று, இரண்டு இன்டெக்ஸிலும் ஒரே பக்கம் இருந்தால் லூசீன் தானாக நீக்காது, இரண்டும் கிடக்கும்.

ஏடு, பக்கம், வரி மூன்றையும் சேர்த்து நீங்களே ஓர் அடையாளம் கொடுத்து, பதிவுக்குள்ளேயே தனி ஃபீல்டாக (தகவல் கட்டமாக) வையுங்கள். படத்தை அதோடு கட்டுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் மறுபடி அப்படித்தான் ஏற்றினோம். அப்புறம் பாட்டியின் அப்பா பக்கத்தை அச்சடித்து நானே வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாட்டி இந்த ஊரிலேயே பிறந்தவர், இன்னும் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை. அப்பா இங்கே வேலை செய்ததற்கு அத்தாட்சி தேடித்தான் வந்தார். தோட்டம் கைமாறியபோது மீதி ஏடுகளை ஆபீஸ் பின்பக்கம் குவித்துக் கொளுத்தினார்கள். எத்தனை பேருடைய அத்தாட்சி அது! சின்னப் பையனாக நின்று பார்த்தேன், பெரியவர்கள் ஒருவரும் தடுக்கவில்லை.