துறைமுகத்தில் இறங்கியவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

துறைமுகத்தைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஒரு வரி: ‘1990இல் இலங்கையில் இருந்து திரும்பிய இந்திய அமைதிப்படை மெட்ராசில் வந்து இறங்கியபோது ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அது தவறு.’ எங்கள் தெருவில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். கண் சரியாகத் தெரியாது, நான்தான் எதையாவது படித்துக் காட்டுவேன். அந்த வரி வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். அவருடைய மகன் 1987 அக்டோபரில் இறந்தவர் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வரவேற்கப் போகாதது தவறு என்று இப்போதும் நினைக்கிறீர்களா?

– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. பாட்டி எழுந்து உள்ளே போனார் என்று நீங்கள் எழுதிய இடத்தைத் தாண்ட முடியவில்லை. அதைப் படித்ததும் எனக்கு வேறொரு அம்மா நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், அன்றைக்கு ஊருக்குக் கோபம் வந்ததில் தவறே இல்லை. 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, நம்ம படை அங்கே போய் இறங்கியபோது யாழ்ப்பாணத்தில் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10 அன்று அதே படை புலிகளோடு சண்டையில் இறங்கியது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர்களையும் நர்ஸ்களையும் நோயாளிகளையும் சுட்டார்கள். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. அதே மாதத்தில்தான், அந்த வருஷம் புதிதாகத் தொடங்கியிருந்த கடற்படைக் கமாண்டோ பிரிவு குருநகர் இறங்குதுறையைத் தாக்கியது. இன்று மார்கோஸ் என்கிறோமே, அதுதான். குருநகர் என்பது நம்ம காசிமேடு மாதிரி வலையும் படகும் மாதா கோயிலுமாக இருக்கும் ஊர். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்ம கரைதான் கண்ணில் வரும்.

32 மாதங்கள் அங்கே இருந்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் சுமார் 1,200 பேர் செத்தார்கள், தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையில் கப்பல் ஏறியது. அவர்கள் இங்கே வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவருடைய நிலைப்பாடு. அரசின் தலைவராக அவர் அப்படி முடிவெடுத்ததை நான் தவறு என்று சொல்லவில்லை. தில்லிக்கு ஒரு மாநிலம் தன் கோபத்தைச் சொல்ல அதைவிடக் கண்ணியமான வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தம்பி, தில்லி கப்பலில் வரவில்லை. வந்தவன் எங்கள் எதிர்வீட்டு அண்ணன்.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அண்ணன் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தார். அவருடைய அம்மா காசிமேட்டில் மீன் விற்பவர். எந்தக் கப்பல், எந்த நாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர், ‘பட்டாளத்துக் கப்பல் வந்துனுகீது’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், சுறாப் புட்டு ஒரு டப்பாவிலும் மீன்குழம்பும் சோறும் தூக்குவாளியிலும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கேட்டில் எங்களை உள்ளே விடவில்லை. வெயிலில் நின்றோம். தார்ப்பாய் போட்ட லாரிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பின்பக்கம் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அம்மா ஒவ்வொரு லாரிக்கும் எட்டி எட்டிப் பார்த்தார். எல்லா முகமும் கறுத்து, ஒட்டிப்போய், ஒரே மாதிரி இருந்தது. பாட்டு இல்லை, கையசைப்பு இல்லை. தூங்காதவர்களின் கண். ஏழோ எட்டோ லாரி போயிருக்கும். அடுத்தது ரோட்டில் நெரிசலில் நின்றது. அம்மா என்ன நினைத்தாரோ, கடைசியில் உட்கார்ந்திருந்த பையனிடம் தூக்குவாளியை நீட்டினார். அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். லாரி கிளம்பிவிட்டது.

வாளியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வந்த வாளி. திரும்பி நடந்து வரும்போது அவர் சொன்னது, ‘எவ பெத்த புள்ளையோ, துன்னட்டும்.’

அண்ணனும் அன்றைக்குத்தான் இறங்கினாராம். வேறொரு லாரி. இராயபுரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இறங்கியும் வீட்டுக்கு விடவில்லை, நேராக ரயில். லீவில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. பேரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்தார். தெருவில் சிலர் பேசவில்லை. ஒருவர் ‘எத்தினி தமிழனைச் சுட்ட?’ என்று நேராகவே கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார். தமிழ் தெரியும் என்பதால் அவரைச் சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்க நிறுத்தியிருந்தார்கள். அவர்களுடைய ரெஜிமென்ட்டின் போர் முழக்கமே ‘வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்பதுதான். அந்த மொழியை வைத்துக்கொண்டு தமிழ்ச் சனங்களின் பையைத் திறக்கச் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு வயதான அம்மா இவரை உற்றுப் பார்த்து, ‘தம்பி, நீர் தமிழோ?’ என்று கேட்டிருக்கிறார். ‘ஆமாம்மா’ என்றாராம். அந்த அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் அண்ணன்.

அந்த அம்மாதான் உங்கள் பாட்டியின் கதையைப் படித்ததும் நினைவுக்கு வந்தவர்.

அதனால் என் பதில் இதுதான். முதலமைச்சர் போகாதது தவறு என்று நான் நினைக்கவில்லை. தெரு பேசாமல் இருந்தது தவறு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆஸ்பத்திரியில் நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களை நாம் யாருமே உட்கார வைத்துக் கேட்கவில்லை. டிரங்குப் பெட்டியோடு வந்தவனைத்தான் கேட்டோம். இந்த இரண்டையும் நான் ஒரே வரிக்குள் போட்டு அடைத்துவிட்டேன், அதுவும் மகனைப் பறிகொடுத்த ஒருவர் காதில் விழும்படி. அந்த வரியைக் கட்டுரையில் இருந்து எடுத்துவிட்டேன். அங்கே இந்தப் பதிலின் சுட்டி மட்டும் இருக்கும்.

இதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். எதையும் கேட்க மாட்டேன். அவர் தன் மகனைப் பற்றிச் சொல்ல நினைத்தால் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்